கூடுதல் நேரம் கேட்கும் உரிமை: தொழில் தகுதித் தேர்வுகளும் மாற்றுத்திறனாளிகளும்

ஆராயப்படும் கேள்வி

ஒரு தொழிலுக்குள் நுழைவதற்கான உரிமம் பெரும்பாலும் ஓர் எழுத்துத் தேர்வின் வழியாகவே கிடைக்கிறது. சட்டம் படித்தவர் நீதிமன்றத்தில் தொடர்ந்து வழக்காட இந்திய பார் கவுன்சில் நடத்தும் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். பட்டயக் கணக்காளராக விரும்புபவர் மூன்று நிலைத் தேர்வுகளைக் கடக்க வேண்டும். கல்லூரியில் கற்பிக்க விரும்புபவருக்குத் தேசியத் தகுதித் தேர்வும், பள்ளியில் கற்பிக்க விரும்புபவருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வும் காத்திருக்கின்றன. இத்தேர்வுகளில் பெரும்பாலானவை, அச்சிட்ட வினாத்தாளைக் கண்ணால் படித்து, குறித்த நேரத்துக்குள் கையால் எழுதியோ வட்டங்களை நிரப்பியோ விடையளிக்கும் ஒருவரை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. பார்வையற்றவர், கை நடுக்கமுள்ளவர், எழுத்துகளைக் கோத்துப் படிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உள்ளவர், தொடர்ந்து எழுதினால் விரல்கள் இறுகிப்போகும் நரம்புக் கோளாறு உள்ளவர் ஆகியோர் அந்த வடிவமைப்புக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்காகத் தேர்வின் நேரத்தையோ முறையையோ கருவியையோ மாற்றித் தருவதே தகவமைப்பு எனப்படுகிறது.

இந்தியாவில் இவ்வுரிமையைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது; உச்ச நீதிமன்றம் அதை ஒருமுறைக்கு மேல் விரித்தும் உறுதிசெய்தும் இருக்கிறது. அவ்வாறிருந்தும் விண்ணப்பப் படிவத்துக்கும் தேர்வறைக்கும் இடைப்பட்ட தொலைவில் அது எவ்வாறு நழுவிப்போகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. தேர்வு எந்தத் திறனை அளக்கிறது என்று அதை நடத்தும் அமைப்பு முதலில் சொல்ல வேண்டியிருக்க, தம் உடல் எத்தனை விழுக்காடு குறைபட்டது என்பதைத் தேர்வரே நிறுவ வேண்டும் என்று முறை தலைகீழாக அமைந்திருப்பதே அதற்கான முதன்மைக் காரணம் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

சட்டத்தின் நிலை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் அவை உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. இந்தியா 2007 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. அதுவரை நடைமுறையிலிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டிருந்தது. அதன் இடத்தில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அப்பட்டியலை 21 ஆக விரித்ததுடன், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. டிஸ்லெக்சியா, எழுதுவதில் இடர்தரும் டிஸ்கிராஃபியா போன்ற கற்றல் குறைபாடுகளும் நாள்பட்ட நரம்பியல் நோய்களும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது இந்தப் பட்டியலில்தான்.

இச்சட்டத்தின் இரண்டு கருத்துகள் இந்த ஆய்வுக்கு அடிப்படையானவை. ஒன்று, நியாயமான தகவமைப்பு: ஒருவர் பிறருக்கு இணையாகத் தம் உரிமையைத் துய்ப்பதற்கு வேண்டிய மாற்றங்களை, மிகையான சுமை நேராத அளவில், செய்து தருவது. இதை மறுப்பதே பாகுபாடாகும் என்று சட்டத்தின் வரையறைப் பகுதியே கூறிவிடுகிறது. மற்றொன்று, சட்டம் வகுக்கும் இரண்டு வட்டங்கள். நீண்டகாலக் குறைபாடு உடையவராகவும், புறத்தடைகளோடு அது மோதுவதால் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க இயலாதவராகவும் இருக்கும் எவரும் பெரிய வட்டத்துக்குள் வருகிறார். குறிப்பிட்ட குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பதாகச் சான்று பெற்றவர் மட்டும் சிறிய வட்டத்துக்குள் வருகிறார். வேலைவாய்ப்பிலும் உயர்கல்வியிலும் இடஒதுக்கீடு இந்தச் சிறிய வட்டத்துக்கு உரியது. தகவமைப்போ பெரிய வட்டம் முழுமைக்கும் உரியது. எளிய இந்த வேறுபாடு தேர்வு விதிகளுக்குள் நுழைவதற்கு நீண்ட வழக்குகள் தேவைப்பட்டன.

சட்டத்தின் கல்விப் பகுதி, தேர்வுகளில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவர் வசதியும் தரப்பட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் தொழில் உரிமத்துக்கான தேர்வுகளுக்கென்று அதில் தனிப்பிரிவு இல்லை. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதற்கென்றே ஒரு பிரிவை ஒதுக்கி, உரிமம், சான்றிதழ், தகுதிப்பாடு ஆகியவற்றுக்கான தேர்வை நடத்துவது தனியார் அமைப்பாயினும் அது அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. இந்தியாவில் அந்த இடத்தை நிரப்புபவை மத்திய சமூகநீதி அமைச்சகம் அவ்வப்போது வெளியிடும் நெறிமுறைகளே. மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் முன்வந்த புகார்களைத் தொடர்ந்து 2013 பிப்ரவரியில் வெளியான நெறிமுறை, கூடுதல் நேரத்துக்கு ஈட்டுநேரம் என்ற பொருளில் புதுப்பெயர் சூட்டி, தேர்வின் ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது 20 நிமிடம் என்று வகுத்தது. 2018 ஆகஸ்ட்டில் வந்த திருத்தம் 20 நிமிடத்தை அவ்வாறே வைத்துக்கொண்டு, சொல்வதை எழுதுபவரின் கல்வித் தகுதியில் கட்டுப்பாடுகளை இறுக்கியது. குறைந்தது என்ற சொல் நெறிமுறையில் தெளிவாக இருந்தும், பெரும்பாலான தேர்வு அமைப்புகள் 20 நிமிடத்தையே உச்ச அளவாகக் கொண்டு இயங்குகின்றன என்பதை இங்கேயே சுட்டிவிட வேண்டும்.

40 விழுக்காடு என்னும் வாசல்

2018ஆம் ஆண்டின் குடிமைப்பணித் தேர்வுக்கு விண்ணப்பித்த மருத்துவப் பட்டதாரி ஒருவர், எழுதும்போது கை இறுகும் நோய் தமக்கு இருப்பதாகக் கூறி, ஸ்கிரைப் எனப்படும் சொல்வதை எழுதுபவரைக் கேட்டார். பார்வையின்மை, கைகால் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவற்றில் 40 விழுக்காடு உடையவர்களுக்கு மட்டுமே அவ்வசதி என்று தேர்வாணையம் மறுத்தது. தீர்ப்பாயத்திலும் உயர் நீதிமன்றத்திலும் பயன் கிட்டாத நிலையில் அவ்வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி தில்லி எய்ம்ஸ் மருத்துவக்குழு அவரைச் சோதித்தது. இரு கைகளிலும் அந்நோய் இருப்பதை உறுதிசெய்த குழு, குறைபாட்டின் அளவை 6 விழுக்காடு என்று கணித்தது. 2021 பிப்ரவரி 11 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு வழங்கிய விகாஷ் குமார் வழக்கின் தீர்ப்பு, இடஒதுக்கீட்டுக்குரிய 40 விழுக்காட்டு வரம்பைத் தகவமைப்புக்கும் பொருத்துவது சட்டத்தின் அடிப்படையையே பிழைபடப் புரிந்துகொள்வது என்று கூறி, ஸ்கிரைப் பெறும் உரிமையை அவருக்கு உறுதிசெய்தது.

அந்த 6 என்ற எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். மருத்துவக்குழுக்கள் பயன்படுத்தும் அளவீட்டு முறை, ஓர் உறுப்பின் இயக்கம், வலிமை, ஒத்திசைவு ஆகியவற்றில் ஏற்பட்ட இழப்பை உடல் முழுமையின் பின்னமாகக் கணக்கிடுவது. அந்தக் கணக்கில் 6 என்பது மிகச் சிறிய இழப்பு. தேநீர்க் குவளையைப் பிடிப்பதற்கும் கதவைத் திறப்பதற்கும் அது தடையாகாமல் போகலாம். மூன்று மணிநேரம் இடைவிடாமல் எழுத வேண்டிய தேர்விலோ அதே 6 விழுக்காடு முழுத் தடையாகிவிடுகிறது. தடையின் அளவை உடலில் மட்டும் தேடினால் கிடைக்காது. அந்த உடலிடம் குறிப்பிட்ட பணி எதைக் கேட்கிறது என்பதோடு சேர்த்தே அதை அறிய முடியும். விழுக்காட்டு முறை இந்த இரண்டாம் பாதியைக் கேட்பதே இல்லை.

இதே எண் எதிர்த்திசையிலும் வாசலை அடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிப் பணிக்கு விண்ணப்பித்த, 70 விழுக்காடு பார்வைக் குறைபாடுடைய வழக்கறிஞர் ஒருவர், பகுதிப் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ளவர்களே தகுதியுடையோர் என்ற வரம்பால் விலக்கப்பட்டார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வரம்பைச் சரியென்றது. நியாயமான தகவமைப்பு என்ற கோட்பாட்டை அத்தீர்ப்பு கருத்தில் கொள்ளவில்லை என்று விகாஷ் குமார் தீர்ப்பு வெளிப்படையாகக் குறை கூறியது. 2025 மார்ச்சில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, பார்வையின்மையைக் காரணம் காட்டி மட்டும் எவரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆக, 40க்குக் கீழே இருந்தவருக்கு உதவி மறுக்கப்பட்டது. 50க்கு மேலே இருந்தவருக்குப் பணியே மறுக்கப்பட்டது. தகுதியுள்ள மாற்றுத்திறனாளி நிற்பதற்கு விதிகள் விட்டுவைத்த இடம் அவ்வளவு குறுகியதாக இருந்தது.

கற்றல் குறைபாடுகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு நெறிமுறை, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுதியைப் பரிந்துரைத்து, 8 வயதிலும் 14 வயதிலும் 18 வயதிலும் சான்று பெறும் முறையை வகுத்தது. இது பள்ளிப் பிள்ளைகளை மையமாகக் கொண்டது. பள்ளியில் எவரும் கண்டுகொள்ளாத டிஸ்லெக்சியாவோடு, மனப்பாடத்தாலும் இரட்டிப்பு உழைப்பாலும் பட்டம்வரை வந்துவிட்ட ஒருவர், 26 வயதில் தொழில் தேர்வுக்காக முதன்முறை சான்று தேடும்போது, இவ்வளவு படித்தவருக்கு எப்படி இக்குறைபாடு இருக்க முடியும் என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

இக்கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் நீண்டகாலம் முன்பே முகங்கொடுத்தன. கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் சட்டமும் படித்த மர்லின் பார்ட்லெட் என்பவர் நியூயார்க் வழக்கறிஞர் தேர்வில் பலமுறை தோல்வியுற்று, கூடுதல் நேரம் கோரியபோது, அவருடைய வாசிப்புத் திறன் சராசரி மனிதருடையதற்குக் குறைந்ததில்லை என்று தேர்வு வாரியம் மறுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்று திரும்பி, 2001இல் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி சோனியா சோட்டோமேயர் மீண்டும் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார். சோதனை மதிப்பெண் சராசரியைத் தொட்டாலும், அதைத் தொடுவதற்கு அவர் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு இடர்ப்பட்டுப் படிக்க வேண்டியிருந்தது என்பதே கருதத்தக்கது என்ற அடிப்படை அதில் நிலைபெற்றது. 2008இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டதும், குறைபாட்டின் வரையறையைக் குறுக்கிப் படிக்கும் போக்கை மாற்றுவதற்கே. இந்தியாவிலும் 2024 அக்டோபரில் மருத்துவக் கல்விச் சேர்க்கை தொடர்பான இரு வழக்குகளில், விழுக்காட்டு எண்ணைக் கொண்டு மட்டும் ஒருவரை விலக்கலாகாது என்றும், அவரால் உண்மையில் என்ன செய்ய இயலும் என்பதையே மருத்துவக்குழு ஆராய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அணுகுமுறை தேர்வறைத் தகவமைப்புக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

தேர்வு எதை அளக்கிறது

தகவமைப்புக்கு எதிராக எழுப்பப்படும் வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்றே: ஒருவருக்கு நேரம் கூட்டித் தருவது மற்றவர்க்கு அநீதியாகாதா, தேர்வின் தரத்தைக் குலைக்காதா என்பது. இதை உணர்ச்சியால் தள்ளிவிட முடியாது. விடை தேர்வின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. அளவீட்டியல் துறையில், ஒரு தேர்வு அளக்க எண்ணிய திறனோடு தொடர்பில்லாத ஏதோ ஒன்றால் மதிப்பெண் ஏறியிறங்குமானால், அந்த அளவுக்கு அத்தேர்வு பழுதுடையது என்பது ஏற்கப்பட்ட கொள்கை. வரிச் சட்டத்தைப் பயன்படுத்தும் அறிவை அளக்க வந்த தேர்வு, பேனாவை நெடுநேரம் பிடிக்கும் வலுவையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தால், மற்றெல்லாரிடத்தும் அது புலப்படாது. கை இறுகும் ஒருவரிடம்தான் அப்பழுது வெளிப்படுகிறது. தகவமைப்பு அந்தப் பழுதைக் களைகிறது என்று கொள்வதே பொருந்தும்.

வேகம் வேறு வகையானது. சில பணிகளில் வேகமே திறன்; நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரையோ அவசர ஊர்திக்கு அழைப்பேற்பவரையோ வேகத்தை விலக்கி மதிப்பிட முடியாது. பிரிட்டனின் சமத்துவச் சட்டம், 2010, இதற்கு இடமளித்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தொழிலுக்கு இன்றியமையாத திறனின் அளவை அது திறன்வரம்பு என வகுத்து, அவ்வரம்பைத் தாழ்த்தும் கடமை எவருக்கும் இல்லை என்றும், அவ்வரம்பை எட்டினாரா என்று சோதிக்கும் முறையை மாற்றும் கடமை உண்டு என்றும் பிரிக்கிறது. எனவே நேரக் கட்டுப்பாடு திறன்வரம்பைச் சேர்ந்ததா, சோதனை முறையைச் சேர்ந்ததா என்பதைத் தேர்வு நடத்துபவர் காரணத்தோடு காட்ட வேண்டும். இந்தியாவின் தொழில் தேர்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று மணிநேரம் என்ற அளவு தொழிலின் தேவையால் வந்தது என்று சொல்வது கடினம். தேர்வு மையங்களை ஒழுங்குபடுத்தும் வசதியால் அமைந்த மரபு அது. கணக்காளர் தணிக்கை அறிக்கையை மூன்று மணிநேரத்துக்குள் எழுதி முடிப்பதில்லை. வழக்கறிஞர் மேல்முறையீட்டு மனுவை மணியடித்ததும் ஒப்படைப்பதில்லை.

ஆய்வுச் சான்றுகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். கூடுதல் நேரம் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே பயன்பட்டு மற்றவர்க்குப் பயன்படாதிருந்தால்தான் அது நியாயமான தகவமைப்பு என்று ஒரு கருத்து வெகுநாள் நிலவியது. ஸ்டீபன் சிரேசியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு, கூடுதல் நேரத்தால் இரு சாராரும் பயன் பெறுகிறார்கள் என்றும், குறைபாடுள்ள மாணவர்கள் பெறும் பயன் கூடுதலாக இருக்கிறது என்றும் கண்டது. இதை வைத்து, எல்லோருக்கும் பயன்படுவதால் கூடுதல் நேரம் ஒரு சலுகையே என்று வாதிடுவோர் உண்டு. அந்தச் சான்று அதைவிட வலுவாக வேறொன்றைச் சொல்கிறது: எல்லோருக்கும் நேரம் போதாமல் இருக்கும் அளவுக்கு அத்தேர்வுகள் நெருக்கி அமைக்கப்பட்டிருக்கின்றன. நெருக்கம் தேவையற்றதாயின் அதைத் தளர்த்துவது அனைவருக்குமான சீர்திருத்தம். அது நிகழும்வரை, அந்நெருக்கத்தால் மிகுதியும் நசுங்குபவருக்கு இடம் விடுவது நீதி.

நேரம் ஒன்றே தகவமைப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது. பிரிட்டன் அரசுச் சட்டப் பணிக்கு விண்ணப்பித்த, ஆட்டிசம் நிறமாலையைச் சேர்ந்த பெண் ஒருவர், சூழ்நிலையை விவரித்துச் சரியான விடையைத் தெரிவுசெய்யச் சொல்லும் தேர்வில், தெரிவுக் கட்டங்களுக்கு மாறாகச் சுருக்கமான எழுத்து விடை அளிக்க அனுமதி கோரினார். தேர்வு நடத்தியோர் மறுத்தனர். 2017இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அம்மறுப்பைப் பாகுபாடு என்று உறுதிசெய்தது. அளக்க எண்ணியது முடிவெடுக்கும் திறன், அதை அளக்கக் கட்டங்கள் இன்றியமையாதவை ஆகா என்பதே சாரம். நம் நாட்டில் பலவுள் தெரிவு வினாக்கள் பெருகிவரும் வேளையில் இத்தீர்ப்பு கவனத்துக்குரியது. முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுசெல்ல 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அனுமதித்ததும் தகவமைப்பே. அதற்கு ஒரு நிமிடமும் கூடுதலாகத் தேவைப்படவில்லை.

சொல்வதை எழுதுபவர்

இந்தியத் தேர்வறைகளில் தகவமைப்பின் நடுத்தூண் ஸ்கிரைப் எனப்படும் சொல்வதை எழுதுபவர். அவர் யாராக இருக்க வேண்டும் என்பதில்தான் அமைப்புகளின் ஐயமும் தேர்வர்களின் துயரமும் சந்தித்துக்கொள்கின்றன. 2013 நெறிமுறை, ஸ்கிரைபுக்குக் கல்வித் தகுதி, மதிப்பெண், வயது போன்ற வரம்புகளை விதிக்க வேண்டாம் என்றும், முறைகேட்டைத் தடுக்கக் கண்காணிப்பை வலுப்படுத்தலாம் என்றும் தெளிவாகச் சொன்னது. 2018 திருத்தம் அதைப் புரட்டிப்போட்டது: தேர்வர் தாமே அழைத்து வரும் ஸ்கிரைப் தேர்வரின் கல்வித் தகுதிக்கு ஒரு படி குறைந்தவராக இருக்க வேண்டும் என்றாயிற்று.

இந்த விதி தேர்வறையில் என்னவாகிறது என்பதைப் பட்டயக் கணக்காளர் தேர்வின் ஒரு வினாவைக் கொண்டு காணலாம். ஒரு தாய் நிறுவனத்தின் கணக்கையும் அதன் கிளை நிறுவனக் கணக்கையும் ஒருங்கிணைத்து இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்க வேண்டும் என்று கொள்வோம். பார்வையற்ற தேர்வர் முதலில் இரண்டு பக்க அட்டவணையைக் காதால் கேட்கிறார். வரிசைகளை நினைவில் நிறுத்துகிறார். திரும்பவும் மூன்றாம் வரிசையை மட்டும் படிக்கச் சொல்கிறார். கணக்கியல் அறியாத ஸ்கிரைப் எந்தத் தொகை எந்த ஆண்டுக்குரியது என்று தடுமாறுகிறார். பிறகு விடை தொடங்குகிறது: எத்தனை பத்தி இழுக்க வேண்டும், எந்தத் தலைப்பின் கீழ் எந்தத் தொகை, அடைப்புக்குறிக்குள் வருவது எது என்று ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டும். டிஃபர்ட் டாக்ஸ், அமார்ட்டைசேஷன் போன்ற சொற்களை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்ல நேர்கிறது. எழுதியதைச் சரிபார்க்க மீண்டும் படிக்கச் சொல்ல வேண்டும். கணக்கறிவை முழுமையாகப் பெற்றிருக்கும் ஒருவர், அதை வெளிப்படுத்துவதற்கு அத்துறையை அறியாத ஒருவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே தேர்வெழுதுகிறார்.

பலவுள் தெரிவுத் தேர்விலும் நிலைமை இலகுவாவதில்லை. தமிழ்நாட்டில் பார்வையற்ற பட்டதாரிகள் பலர் நாடுவது ஆசிரியப் பணி. மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு 150 வினாக்களை 150 நிமிடத்தில் கேட்கிறது. ஈட்டுநேரம் 50 நிமிடம் சேர்ந்தால் 200 நிமிடம், அதாவது ஒரு வினாவுக்கு 80 விநாடி. அந்த 80 விநாடிக்குள் ஸ்கிரைப் வினாவையும் நான்கு தெரிவுகளையும் படிக்க வேண்டும், தேர்வர் வேண்டியபோது மறுமுறை படிக்க வேண்டும், தேர்வர் சிந்திக்க வேண்டும், விடைத்தாளில் வட்டம் நிரப்பப்பட வேண்டும். மொழிப்பாடப் பகுதியில் நீண்ட உரைப்பத்தியைக் கேட்டு வினாக்களுக்கு விடையளிக்கும்போது, பார்வையுள்ளவர் கண்ணை ஓட்டித் தேடும் ஒரு வரியை, இவர் பத்தி முழுவதையும் திரும்பக் கேட்டே அடைய முடியும். தாம் சொன்ன வட்டம்தான் நிரப்பப்பட்டதா என்பதை அறிய அவருக்கு வழியே இல்லை.

ஸ்கிரைபைத் தேடுவதே தனிச் சுமை. தேர்வு நாளில் வேறு வேலையில்லாத, உரிய கல்வி நிலையிலுள்ள, ஆங்கிலம் பிழையின்றி எழுதத் தெரிந்த, நம்பத்தக்க ஒருவரைத் தேர்வரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தன்னார்வலர் குழுக்களும் கல்லூரி மாணவர்களும் இல்லாவிடில் பலர் தேர்வையே எழுதியிருக்க முடியாது. கடைசி நேரத்தில் வராமல்போகும் ஒருவரால் ஓராண்டு உழைப்பு வீணாவதும் உண்டு. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு வெளியிட்ட விரிவான நெறிமுறை, தேர்வரே ஸ்கிரைபை அழைத்து வரும் வழக்கத்தைக் குறைத்து, தேர்வு அமைப்புகளே பயிற்சி பெற்றோரின் பட்டியலை வைத்திருக்கும் நிலைக்கு நகர முனைகிறது. கணினி, திரைவாசிப்பு மென்பொருள் ஆகியவற்றுக்கும் முன்னிடம் தருகிறது. தேடும் சுமையைத் தேர்வர் தோளிலிருந்து இறக்குவது வரவேற்கத்தக்கது. ஆயினும், தமக்குப் பழகிய குரலையும் வாசிப்பு வேகத்தையும் நம்பித் தயாரான ஒருவருக்கு முன்பின் அறியாதவரை அமர்த்துவது, பட்டியல் தரமுள்ளதாக உருவாகாத நிலையில், உதவியின் பெயரால் இருந்த வழியையும் அடைத்துவிடும். பட்டியல் முதலில் வர வேண்டும். தெரிவுரிமை அதன்பிறகும் நீடிக்க வேண்டும்.

தொழில்நுட்பம் இதிலிருந்து விடுதலை தரக்கூடியது. திரைவாசிப்பு மென்பொருள், திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றுவது. தேர்வர் தம் வேகத்தில், தாம் விரும்பும் வரிக்குத் தாமே திரும்பிச் செல்லலாம். பிரிட்டனில் திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வை எழுத வந்த பார்வையற்ற பெண் ஒருவர் அம்மென்பொருளைக் கோரியபோது, வாசித்துக் காட்டும் ஆளைத் தந்து அமைப்பு நிறைவடைந்தது. அது போதாது என்று 2007இல் லத்தீஃப் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்தது. அமெரிக்காவில் 2011இல் எனியார்ட் வழக்கில், தேர்வரின் தகுதியை மிகச் சிறப்பாக வெளிக்கொணரும் முறையையே அளிக்க வேண்டும், ஏதோ ஒரு வசதியை அளித்துவிட்டு ஒதுங்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. இந்தியக் குடிமைப்பணித் தேர்வுகளில் திரைவாசிப்பு மென்பொருளைக் கொள்கையளவில் ஏற்பதாகத் தேர்வாணையம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது 2025இல்தான். பார்வையற்ற பட்டதாரிகள் தங்கள் கல்லூரிப் படிப்பையும் அலுவலகப் பணியையும் அதே மென்பொருளில் பல்லாண்டுகளாக நடத்திவருகையில், தேர்வுக்கு மட்டும் அது விலக்கப்பட்டிருந்ததற்கு ஏற்கத்தக்க காரணம் காட்டப்பட்டதில்லை.

முறைகேடு பற்றிய அச்சம்

போலிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. அவற்றை மறுப்பது மாற்றுத்திறனாளிகளுக்கே தீங்கு. 2024இல் பயிற்சி நிலையிலிருந்த ஆட்சிப்பணி அலுவலர் ஒருவர்மீது எழுந்த குற்றச்சாட்டு, உண்மையான சான்று வைத்திருந்தோரையும் பொதுவெளியில் ஐயத்துக்கு உள்ளாக்கியது. ஆனால் முறைகேடு எந்த இடத்தில் நுழைகிறது என்பதைக் கண்டறியாமல் காவல் போடுவது பயன்தராது. 2019இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட கல்லூரிச் சேர்க்கை ஊழல் இதற்குத் தெளிவான சான்று. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்று வாங்கி, கூடுதல் நேரம் பெற்று, அதைக் காரணமாக்கித் தேர்வு மையத்தை மாற்றிக்கொண்டது உண்மை. ஆயினும் மதிப்பெண்ணை உயர்த்தியது கூடுதல் நேரமன்று. அந்த மையங்களில் கையூட்டு பெற்ற பொறுப்பாளர்கள் விடைகளைத் திருத்த இடமளித்ததே. சீரான கண்காணிப்பு இருந்திருந்தால் அச்சான்றிதழ்கள் பயனற்றுப் போயிருக்கும்.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். ஸ்கிரைப் விடை சொல்லித் தருவதைத் தடுக்க, உரையாடலை ஒலிப்பதிவு செய்யலாம், படக்கருவி வைக்கலாம், தனி அறைக்குத் தனிக் கண்காணிப்பாளரை அமர்த்தலாம். இவை செலவு பிடிப்பவை, ஆனால் குற்றம் நிகழக்கூடிய இடத்தில் நிற்பவை. ஸ்கிரைபின் கல்வித் தகுதியைக் குறைப்பதோ செலவற்றது. அதன் விலையை நேர்மையான தேர்வர் ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணில் செலுத்துகிறார். சிலர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதற்காக அனைவருக்கும் மறுக்க முடியாது என்ற விகாஷ் குமார் தீர்ப்பின் நிலைப்பாடு, செலவை யார் ஏற்பது என்ற இக்கேள்வியோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியது.

கோரிக்கையின் நடைமுறை

உரிமை கோரிக்கையின் வழியாகவே நடைமுறைக்கு வருவதால், கோரும் முறையின் ஒவ்வொரு படியும் உரிமையின் அளவைத் தீர்மானிக்கிறது. விகாஷ் குமார் தீர்ப்பு புதிய நெறிமுறைக்கு மூன்று மாதம் கெடு விதித்தது. நெறிமுறை வெளியானது 2022 ஆகஸ்ட் 10 அன்று, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பின். அதுவும் 40 விழுக்காட்டுக்குக் குறைந்தவர்களுக்குத் தனி ஆவணமாக, எழுதுவதில் இடர் உள்ளவர்க்கு மட்டும் என்ற வரையறையுடன், பல்துறை மருத்துவர்கள் கையொப்பமிட்ட, குறுகிய காலமே செல்லுபடியாகும் சான்றைக் கேட்டது. கை தசைப்பிடிப்பு நோயால் 25 விழுக்காடு குறைபாடுள்ள ஒருவர் வங்கித் தேர்வு நடத்தும் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த குல்ஷன் குமார் வழக்கில், 2025 பிப்ரவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் இந்நெறிமுறையைத் திருத்தச் சொன்னது: 40 விழுக்காட்டுக்கு மேலுள்ளோர் பெறும் வசதிகளை அனைவருக்கும் விரிக்கவும், சான்றின் செல்லுபடிக் காலத்தை நீட்டிக்கவும், தேர்வர்கள் வழக்குமன்றம் செல்லுமுன் முறையிடுவதற்கு ஒரு குறைதீர் தளம் அமைக்கவும் அது பணித்தது.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நரம்பியல், எலும்பியல், உளவியல் வல்லுநர்கள் ஒரே நாளில் கிடைப்பது அரிதென்பதை அறிந்தவர்க்கு, மாறாத நோய்க்கு மீண்டும் மீண்டும் சான்று கேட்பதன் கொடுமை விளங்கும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஸ்கிரைப் அளித்த ஒருவரை, தொழில் தேர்வு அமைப்பு புதியவராகவே நடத்துகிறது. அமெரிக்க விதிமுறையின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இங்கே பின்பற்றத்தக்கது: கேட்கும் ஆவணம் தேவைக்கு மிகாததாக இருக்க வேண்டும், முன்பு ஒருவர் பெற்றிருந்த அதே வகைத் தகவமைப்புக்குக் கணிசமான மதிப்பளிக்க வேண்டும், முடிவு உரிய காலத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். விதி வந்ததாலேயே அது நடைமுறையாகிவிடவில்லை என்பதையும் அங்கே காணலாம். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்தும் அமைப்பு, 2014இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டில் 77.3 லட்சம் டாலர் செலுத்தவும், கூடுதல் நேரத்தில் தேர்வெழுதியோரின் மதிப்பெண்ணைத் தனிக் குறியிட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிடவும் நேர்ந்தது.

காலத்தின் பங்கு இவற்றுள் மிகக் கடுமையானது. 2021ஆம் ஆண்டு நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவரிடமிருந்து, அவருக்குரிய ஒரு மணிநேர ஈட்டுநேரம் தரப்படாமலே விடைத்தாள் வாங்கப்பட்டது. தேசியத் தேர்வு முகமை தவறிழைத்தது என்பதை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தேர்வு மையப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் கடமை முகமைக்கு உண்டு என்றும் கூறியது. ஆனால் பல லட்சம் பேர் எழுதிய தேர்வை ஒருவருக்காக மீண்டும் நடத்துவதற்கு அது உடன்படவில்லை. அநீதியை வேறு வகையில் எப்படிச் சரிசெய்வது என்று ஒரு வாரத்துக்குள் ஆராயும்படி முகமையிடமே விட்டது. தேர்வு முடிந்தபின் முழு நிவாரணம் இல்லை என்பதே இதன் பொருள். ஆகவே எல்லாம் தேர்வுக்கு முன்பே தீர்ந்தாக வேண்டும். ஸ்கிரைபை மாற்றும் கோரிக்கையைத் தேர்வுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்புவரை ஏற்று, மூன்று வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2025 டிசம்பரில் குடிமைப்பணித் தேர்வு குறித்து உச்ச நீதிமன்றம் பணித்தது இத்திசையில் ஒரு படி.

தொழில் உரிமத் தேர்வுகள் அனைத்துக்கும் இதை விரித்தால் நடைமுறை இவ்வாறு அமையும்: மறுப்பு, காரணம் எழுதிய ஆணையாக, முறையீடு செய்யப் போதிய நாள் விட்டுத் தேர்வரிடம் சேர வேண்டும், அந்த ஆணையில், கோரிய மாற்றம் தேர்வு அளக்கும் எந்தத் திறனைக் கெடுக்கிறது என்பதை அமைப்பு குறிப்பிட வேண்டும். ஏற்கப்பட்டாலோ, அளிக்கப்பட்ட வசதியும் விடைத்தாளை ஒப்படைக்க வேண்டிய மணியும் தேர்வரின் நுழைவுச்சீட்டிலும் அறைக் கண்காணிப்பாளரின் வருகைப் பதிவேட்டிலும் அச்சாகியிருக்க வேண்டும். அச்சாகியிருந்தால், பிற தேர்வர்கள் எழுந்து செல்லும் வேளையில், தமக்கு இன்னும் ஒரு மணிநேரம் உண்டு என்பதை எவரிடமும் மன்றாடி நிறுவ வேண்டிய தேவை அவருக்கு எழாது.